லேசர்டிஸ்க்கைக் கணினியில் ஏற்றும்போது: காம்போசிட்டா, எஸ்-வீடியோவா?

மார்ச் 4, கேள்வி

என்னிடம் கொஞ்சம் லேசர்டிஸ்க்குகள் (லேசரால் படிக்கும் பழைய, பெரிய வீடியோ தட்டுகள்) இருக்கின்றன. எல்லாம் என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்காவிலும் ஜப்பானிலும் புழங்கிய வண்ணத் தொலைக்காட்சி முறை. பிளேயரின் பின்புறம் மஞ்சள் காம்போசிட் துளையும் (வெளிச்சமும் நிறமும் கலந்து வரும்) உண்டு, எஸ்-வீடியோ துளையும் (இரண்டும் தனித்தனியாக வரும்) உண்டு. எஸ்-வீடியோ எப்போதுமே மேல் என்றுதான் படித்திருக்கிறேன். லேசர்டிஸ்க்குக்கு மட்டும் காம்போசிட்டில் எடு என்கிறார்கள் சிலர். மட்டமான இணைப்பு எப்படி நல்ல படம் தரும்?

மார்ச் 4, இரவு, பதில்

எஸ்-வீடியோ மேல் என்ற பேச்சு டேப்பிலிருந்து வந்தது. விஎச்எஸ் டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகின்றன. நிறத்தை 629 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கீழே இறக்கி, வெளிச்சத்துக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். 1987-இல் அதன் மேம்பட்ட வடிவமான எஸ்-விஎச்எஸ் வந்தபோதுதான் எஸ்-வீடியோ துளை வீட்டுக் கருவிகளில் பரவியது. டேப்பில் பிரிந்தே கிடப்பதைப் பிரித்தே வெளியே எடுப்பது நியாயம்தான்.

லேசர்டிஸ்க்கில் தட்டிலேயே இருப்பது காம்போசிட். வெளிச்சமும் நிறமும் கலந்த முழு சிக்னலையும் அப்படியே எஃப்எம் (அலைவெண் மாறும் அலை) ஆக்கி, குழிகளாகப் பதித்திருக்கிறார்கள். என்டிஎஸ்சி தட்டில், கோடு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பின் அடிமட்டம் 7.6 மெகாஹெர்ட்ஸ், முழு வெள்ளை 9.3 மெகாஹெர்ட்ஸ். இதற்குள்தான் நிறமும் 3.58 மெகாஹெர்ட்ஸ் துணை அலையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் உங்கள் எஸ்-வீடியோ துளையில் வருவது என்ன? பிளேயருக்குள் இருக்கும் ஒரு வடிகட்டி அந்தக் கலவையைப் பிரித்து அனுப்புவது. காம்போசிட்டில் எடுத்தால் அதே பிரிப்பு, வீடியோவைக் கணினிக்குள் கொண்டுவரும் உங்கள் கேப்சர் கருவிக்குள் நடக்கும். பிரிக்கும் வேலையை எது நன்றாகச் செய்கிறது, பிளேயரா கேப்சர் கருவியா என்று பார்த்துவிட்டால் எந்த ஒயரைச் செருகுவது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

மார்ச் 5

பிரிப்பதில் அப்படி என்ன சிரமம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

என்டிஎஸ்சியில் ஒரு கோடு வரைய ஆகும் நேரத்தில் நிற அலை 227.5 சுற்று சுற்றுகிறது. அந்த அரைச் சுற்றால், ஒரு கோட்டில் மேடாக இருக்கும் இடத்தில் அடுத்த கோட்டில் நிற அலை பள்ளமாக இருக்கும். இரண்டு கோடுகளைக் கூட்டினால் நிறம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய் வெளிச்சம் மிஞ்சும். கழித்தால் நிறம் மிஞ்சும். காம்ப் ஃபில்டர் செய்வது இவ்வளவுதான்.

ஆனால் இது பலிக்க இரண்டு கோட்டிலும் படம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேல் கோடு சிவப்பு, கீழ்க்கோடு நீலம் என்றால் கணக்கு உடைந்து, அந்த எல்லையில் நிறத்தின் மிச்சம் வெளிச்சத்துக்குள் நுழைந்துவிடும். நீலக் கடலில் நிற்கும் ஒரு சிவப்புப் படகை நினைத்துக்கொள்ளுங்கள். படகின் மேல் விளிம்பில் பல்வரிசை மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் தொங்கும். பழைய ரக வடிகட்டியாக இருந்தால் பக்கவாட்டு விளிம்புகளிலும் அந்தப் புள்ளிகள் மேல்நோக்கி ஊரும். இன்னொரு திசையிலும் தப்பு நடக்கும். மெல்லிய கோடு போட்ட சட்டையில் வெளிச்சமே வேகமாக ஏறி இறங்கும்போது, வடிகட்டி அதை நிறம் என்று நினைத்து, சாம்பல் நிறத் துணியில் வானவில் பூசிவிடும்.

இப்படிக் கோடுகளை மட்டும் பார்ப்பது 2டி. 3டி காம்ப் ஃபில்டர் கோடுகளோடு நிற்காமல் முந்தைய ஃபிரேமையும், அதாவது முந்தைய முழுப் படத்தையும், பார்க்கிறது. ஒரு ஃபிரேமின் 525 கோடுகளை 227.5 ஆல் பெருக்கினால் 119437.5. அதிலும் ஓர் அரைச் சுற்று மிஞ்சுகிறது. அதனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்த ஃபிரேம்களில் நிற அலை தலைகீழாகும். அசையாத படமென்றால் பிரிப்பு ஏறக்குறைய முழுமையாகவே நடக்கும், புள்ளியும் இல்லை, வானவில்லும் இல்லை. அசையும் இடங்களில் மட்டும் அது கோட்டுக் கணக்குக்குத் திரும்பும்.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. 3டி என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. அசைவைக் கண்டுபிடிக்கும் பகுதி சுமாராக இருந்தால், நகரும் கையின் பின்னால் முந்தைய ஃபிரேமின் நிழல் புள்ளிப் புள்ளியாக ஒட்டிக்கொண்டு வரும். அதைவிட நல்ல 2டி வடிகட்டியே மேல் என்பேன்.

மார்ச் 7

என் அனுபவம். நான் முதலில் ஏற்றியது ஒரு பாடகர் குழுவின் மேடைத் தட்டு. பாடகரின் கறுப்பு மேல்சட்டையில் ஊசிபோல் மெல்லிய வெள்ளைக் கோடுகள். எஸ்-வீடியோவில் எடுத்தபோது தோள்பட்டையில் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னின. பாடகர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நிறம் ஒரு பக்கமாக ஓடும். அதே இடத்தைக் காம்போசிட்டில் எடுத்தேன். அவர் அசையாமல் நிற்கும் நேரத்தில் மேல்சட்டை கறுப்பு வெள்ளையாகவே நின்றது. மூச்சு இழுத்தபோது கொஞ்சம் மின்னல் வந்தது, உடனே அடங்கியது. என் பிளேயரில் இருப்பது 2டி, கேப்சர் கருவியில் இருப்பது 3டி. வித்தியாசம் முழுக்க அதனால்தான்.

இதை வைத்துக் காம்போசிட்தான் எப்போதும் மேல் என்று எழுதிவிடாதீர்கள். பயனியரின் எச்எல்டி-எக்ஸ்9 போன்ற உயர்ரகப் பிளேயர்களுக்குள்ளேயே நல்ல 3டி வடிகட்டி இருக்கிறது. அதை வைத்திருப்பவர் ஒரு சாதாரண யுஎஸ்பி கேப்சர் துண்டோடு காம்போசிட்டில் இணைத்தால், நல்ல வடிகட்டியை ஒதுக்கிவிட்டு மட்டமானதிடம் வேலையைக் கொடுத்தது மாதிரி. அங்கே எஸ்-வீடியோதான்.

மார்ச் 8

எப்படிச் சோதிப்பது என்று கேட்டவருக்கு: சிஏவி தட்டு (எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும் வகை) ஒன்று இருந்தால் எடுங்கள். அதில் ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம், நிமிடத்துக்கு 1800 சுற்று, ஒரு பக்கத்தில் 54,000 ஃபிரேம்கள் வரை. எண்ணைக் கொடுத்தால் பிளேயர் அந்த ஃபிரேமுக்கே போய் நிற்கும். ஒரே இடத்தை இரண்டு இணைப்பிலும் எடுத்து அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட வசதி கிடையாது. சிஎல்வி தட்டில் (சுற்றும் வேகம் மாறிக்கொண்டே வரும் வகை) நேரத்தை வைத்துத்தான் தேட முடியும், அதுவும் போதும்.

பார்க்க வேண்டியவை: அழுத்தமான நிற எல்லை, மெல்லிய கோடு அல்லது வலை போட்ட துணி, எழுத்துகள். தலைப்பு அட்டைகள் ரொம்ப நல்லவை, அசையாது, விளிம்பு கூர்மை. அப்புறம் கட்டாயம் ஒரு கேமரா நகரும் காட்சி.

மார்ச் 8, இரவு

மேலே சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. எண் கொடுத்து அந்த ஃபிரேமுக்குப் போங்கள், ஆனால் நிறுத்தி வைத்த படத்தில் ஒப்பிடாதீர்கள். ஓடவிட்டு எடுங்கள்.

காரணம் அந்த அரைச் சுற்றுதான். ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நிற அலை தலைகீழாகிக்கொண்டே வரும். நிறுத்தினால் பிளேயர் அதே ஒரு சுற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. தட்டிலிருந்து வருவது அதே கட்டத்தில் அதே அலை. தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. பிளேயர் இதை உள்ளுக்குள் சரிசெய்து அனுப்பலாம், அல்லது நினைவகத்தில் பிடித்த படத்தை அனுப்பலாம். எப்படியிருந்தாலும் உங்கள் 3டி வடிகட்டிக்குப் போவது ஓடும்போது போகும் சிக்னல் இல்லை. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மார்ச் 10

காம்பொனென்ட் துளை (வெளிச்சமும் நிறமும் மூன்று ஒயரில் பிரிந்து வரும்) உள்ள டிவிடி-லேசர்டிஸ்க் இரட்டைப் பிளேயர் வைத்திருப்பவர் அதில் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் கையாண்ட இரட்டைப் பிளேயர்களில் அந்தத் துளை டிவிடிக்கு மட்டும்தான் வேலை செய்தது, லேசர்டிஸ்க்கைப் போட்டால் படமே வராது. வந்தாலும் தட்டில் இருப்பது கலவைதானே? பிரித்த பிறகு மூன்று ஒயரில் அனுப்புவதால் புதிதாக எதுவும் சேராது. ஸ்கார்ட் என்ற ஐரோப்பியத் துளை வழியாக ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) தரும் பிளேயருக்கும் இதே பதில்.

மஞ்சள் துளையில் செருகி எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்னப் பெட்டிகளைத் தயவுசெய்து தவிருங்கள். அது இன்டர்லேஸை (ஒரு ஃபிரேமின் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு ஃபீல்டுகளில் வரும் முறை) தன் இஷ்டத்துக்குக் கலைத்து, படத்தைப் பெரிதாக்கி அனுப்பும். 480 கோட்டு இன்டர்லேஸ் படத்தை அப்படியே எடுத்து வைத்தால், அதைக் கலைக்கும் வேலையைப் பின்னால் நல்ல மென்பொருளில் செய்யலாம். பெட்டி கலைத்ததை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. திரைப்படத் தட்டுகளில் இது இன்னும் மோசம். 24 ஃபிரேம் படத்தை என்டிஎஸ்சிக்காக 3:2 முறையில், ஒரு ஃபிரேமுக்கு மூன்று, அடுத்ததற்கு இரண்டு என்று ஃபீல்டுகளாகப் பரப்பியிருப்பார்கள். ஃபீல்டுகள் கெடாமல் இருந்தால்தான் பழைய 24 ஃபிரேமை மீட்க முடியும்.

மார்ச் 11

ஒயர்: 75 ஓம் வீடியோ ஒயர், குட்டையாக. அது போதும்.

மார்ச் 13

"என் பிளேயரில் காம்போசிட்டும் எஸ்-வீடியோவும் ஒரே மாதிரி தெரிகிறது, இரண்டிலும் தொங்கும் புள்ளி" என்று ஒரு பதிவு வந்திருக்கிறது. இது முக்கியம்.

சில பிளேயர்களில் டிஜிட்டல் நினைவகமும் இரைச்சல் குறைப்பும் இருக்கும். அந்த வேலைக்காக உள்ளே வெளிச்சத்தையும் நிறத்தையும் முதலிலேயே பிரித்துவிடுகிறது. எஸ்-வீடியோவுக்கு அதைப் பிரித்தபடியே அனுப்பும், காம்போசிட்டுக்கு மறுபடி கலந்து அனுப்பும். அப்படிப்பட்ட பிளேயரில் மஞ்சள் துளையில் வருவது தட்டில் இருந்த கலவை இல்லை. ஏற்கெனவே ஒருமுறை பிரித்துக் கெட்டுப்போய், மறுபடி கலந்த கலவை. அதை உங்கள் கேப்சர் கருவி மீண்டும் பிரிக்கும். இரண்டு மடங்கு நஷ்டம்.

இரைச்சல் குறைப்பு, படக்கூர்மை எல்லாவற்றையும் முழுதாக அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது காம்போசிட் நேரான பாதைக்குத் திரும்பும் பிளேயர்களும் உண்டு. அணைத்தும் அதே புள்ளிகள் அதே இடத்தில் இருந்தால், உங்களுக்கு எஸ்-வீடியோதான் நல்லது. குறைந்தபட்சம் ஒருமுறை பிரித்ததோடு நிற்கும்.

நான் மார்ச் 4-இல் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். காம்போசிட்டில் எடுத்தால் பிரிப்பு கேப்சர் கருவியில் மட்டும் நடக்கும் என்பது, பிளேயர் கையை வைக்காமல் விட்டால்தான் உண்மை.

மார்ச் 15

ஐரோப்பாவில் பெரும்பாலும் புழங்கிய பால் (PAL) முறைத் தட்டுகளைப் பற்றி இதுவரை பேசவில்லை. மேலே போட்ட கணக்கெல்லாம் என்டிஎஸ்சிக்குத்தான். பால் முறையில் நிற அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். ஒரு கோட்டுக்கு 283.75 சுற்றும் அதற்கு மேல் ஒரு துளியும். அரைச் சுற்று என்ற அந்த அழகான கணக்கு இங்கே கிடையாது. போதாததற்கு நிறத்தின் ஒரு பாதி கோட்டுக்குக் கோடு திசை மாறும். முழு வரிசை மறுபடி முதலுக்கு வர 8 ஃபீல்டுகள் ஆகும், என்டிஎஸ்சியில் 4 போதும். அதனால் என்டிஎஸ்சிக்கு 3டி தரும் பல கேப்சர் கருவிகள் பால் முறைக்கு எளிய வடிகட்டியோடு நின்றுவிடுகின்றன. என்டிஎஸ்சித் தட்டில் கிடைத்த முடிவைப் பால் தட்டுக்கு நீட்டிக்காமல் தனியாகச் சோதியுங்கள்.

மார்ச் 16

"ஜப்பான் தட்டு போட்டால் படம் இருட்டாக வருகிறது, எஸ்-வீடியோவுக்கு மாற்றினால் சரியாகுமா?" ஆகாது. இதற்கும் இணைப்புக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க என்டிஎஸ்சியில் கறுப்பு 7.5 ஐஆர்இ (வீடியோ சிக்னலை அளக்கும் அலகு) மட்டத்தில் இருக்கும், ஜப்பானில் 0. அமெரிக்க மட்டத்துக்கு அமைத்த கருவியில் ஜப்பான் தட்டைப் போட்டால், 7.5-க்குக் கீழே இருக்கும் நிழல் விவரம் எல்லாம் கறுப்புக் குழியில் விழுந்துவிடும். பதிவு செய்யும் முன்பே வெளிச்ச மட்டத்தைத் திருத்துங்கள். வெட்டுப்பட்ட பிறகு மென்பொருளில் தூக்கினால் சாம்பல்தான் வரும். கறுப்பு முடி, இரவு வானம் இந்த இரண்டையும் பார்த்து மட்டம் வையுங்கள்.

பதிவு இழப்பில்லாததாக இருக்கட்டும். ஹஃப்ஒய்யுவி, எஃப்எஃப்வி1 என்ற சுருக்க முறைகள் இரண்டையும் நம்பலாம். 720×480 படத்தை 4:2:2-இல் (நிற விவரம் பக்கவாட்டில் பாதி) சுருக்காமல் எடுத்தால் நொடிக்குச் சுமார் 20.7 மெகாபைட், மணிக்கு 75 ஜிகாபைட் வரும். இழப்பில்லாச் சுருக்கம் அதைக் கணிசமாகக் குறைக்கும்.

மார்ச் 19

ஆர்எஃப் பிடிப்பு பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பேச்சு எங்கே போய் முடிய வேண்டுமோ அங்கே அது முடிகிறது.

பிளேயருக்குள் லேசர் படித்த எஃப்எம் சிக்னலை, பிளேயர் அதை வீடியோவாக மாற்றும் முன்பே தட்டி எடுத்துக் கணினியில் அப்படியே பதிந்துகொள்வது. டூம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற திறந்த வன்பொருள் இதற்காகவே உருவானது. 1986-இல் பிபிசி வெளியிட்ட டூம்ஸ்டே திட்டத் தட்டுகளைக் காப்பாற்ற எழுந்த முயற்சி. நொடிக்கு 4 கோடி மாதிரிகள், ஒவ்வொன்றும் 10 பிட். நெருக்கி அடுக்கினாலும் நொடிக்கு 50 மெகாபைட், மணிக்கு 180 ஜிகாபைட். இழப்பில்லாமல் சுருக்கிக்கொள்ளலாம்.

அதை எல்டி-டிகோட் மென்பொருள் வீடியோவாக்குகிறது. நிற அலையின் நான்கு மடங்கு வேகத்தில், என்டிஎஸ்சிக்கு 14.318 மெகாஹெர்ட்ஸில், காம்போசிட்டாகவே கோப்பில் நிற்கும். பிரிப்பது அதற்குப் பிறகுதான். 2டியில் பிரித்துப் பார்க்கலாம், 3டியில் பார்க்கலாம். நாளை இதைவிட நல்ல வழி ஒருவர் எழுதினால் தட்டைத் தொடாமலே மறுபடி பிரிக்கலாம். பால் முறைக்கும் அதில் முப்பரிமாணப் பிரிப்பு இருக்கிறது. எனக்கு இதில் மனம் நிறைவது அதனால்தான். காம்போசிட், எஸ்-வீடியோ எதில் எடுத்தாலும் பிரிப்பு அன்றே நடந்து, கோப்பில் உறைந்துவிடுகிறது. இதில் உறைவதில்லை.

இரண்டாவது நன்மை: ஒரே தட்டின் பல பிரதிகள் கிடைத்தால் அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒன்றில் விழுந்த ஓட்டையை மற்றதால் நிரப்பலாம். அலுமினியப் படலம் அரித்து, படம் முழுக்கப் புள்ளி கொட்டும் தட்டுகளுக்கு இது ஒன்றுதான் மருந்து.

சிரமம் சொல்லாமல் விடக்கூடாது. பிளேயரைத் திறக்க வேண்டும், சரியான சோதனைப் புள்ளியைக் கண்டுபிடித்துச் சால்டர் வைக்க வேண்டும். உள்ளே மின்சாரமும் லேசரும் இருக்கின்றன. சர்க்யூட் வரைபடம் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். பயனியர் இந்தப் பிளேயர்களை 2009-லேயே நிறுத்திவிட்டது, உடைத்தால் புதிது வராது.

மார்ச் 20

"அப்படியென்றால் ஆர்எஃப் இல்லாமல் எடுப்பதெல்லாம் வீணா?" இல்லவே இல்லை. தட்டுகள் அரித்துக்கொண்டிருக்கின்றன, பிளேயர்களின் லேசர் தளர்ந்துகொண்டிருக்கிறது. இன்று நல்ல காம்போசிட்டில் எடுத்த படம் ஒன்று கையில் இருப்பது, என்றோ எடுக்கப்போகும் ஆர்எஃப்பைவிட மதிப்பானது. மறுபதிப்பே வராத தட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்து, ஆர்எஃப்புக்கு வழி கிடைக்கும்போது செய்யுங்கள்.

மார்ச் 23

கேள்வி கேட்டவர் இரண்டு இணைப்பிலும் எடுத்த துண்டுகளைப் பகிர்ந்திருக்கிறார். முழுத்திரையில் நிதானமாகப் பார்த்தேன்.

எஸ்-வீடியோவில் மஞ்சள் தலைப்பெழுத்துகளின் அடியில் புள்ளிகள் தொங்குகின்றன. காம்போசிட்டில் எழுத்து வந்து சில ஃபிரேம்களுக்குள் சுத்தமாகிவிடுகிறது. அது 3டி வேலை செய்யும் அடையாளம். கேமரா சந்தையின் குறுக்கே நகரும் இடத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். பின்னால் நிழல் ஒட்டவில்லை. நீங்கள் தயங்காமல் காம்போசிட்டில் எடுக்கலாம்.

ஒரு சந்தேகம் மட்டும். காம்போசிட் துண்டில் வானம் மெதுவாக வெளிறி, மறுபடி இருண்டது. எஸ்-வீடியோ துண்டில் அது இல்லை. கேப்சர் கருவியின் தானியங்கி அளவுச் சரிசெய்தல் காம்போசிட் நுழைவில் இயங்குகிறது போலிருக்கிறது. அமைப்பில் அதை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டு அந்தக் காட்சியை மட்டும் மறுபடி எடுத்துப் போடுங்கள்.

மார்ச் 24

ஒலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் ஒலி உள்ள தட்டு, ஆப்டிகல் துளை உள்ள பிளேயர் என்றால் ஒலியை அதன் வழியே 44.1 கிலோஹெர்ட்ஸில் நேராக எடுங்கள். கேப்சர் கருவியின் மாற்றியைவிட அது சுத்தம். ஆனால் படம் ஒரு கருவியிலும் ஒலி இன்னொரு கருவியிலும் போனால் இரண்டின் கடிகாரமும் ஒத்துப்போகாது, பக்கம் முடியும்போது உதடும் பேச்சும் விலகியிருக்கும். அதற்காகக் கேப்சர் கருவியின் அனலாக் ஒலியையும் கூடவே பதிந்து வையுங்கள். பின்னால் டிஜிட்டல் ஒலியை அதோடு வைத்து இழுத்துப் பொருத்திவிட்டு, அனலாக்கை எடுத்துவிடலாம்.

கோப்பின் பெயரில் பிளேயர், இணைப்பு, தட்டின் பக்கம் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

மார்ச் 26

தானியங்கி அளவை அணைத்த புதுத் துண்டு வந்துவிட்டது. வானம் ஒரே நிறத்தில் நிற்கிறது. வெள்ளை மேகத்தின் நடுவில் கொஞ்சம் வெட்டு விழுகிறது, கான்ட்ராஸ்ட்டை ஒரு படி குறைத்துவிட்டு முழுப் பக்கத்தையும் எடுக்கலாம்.